மீட் அண்ட் பொட்டேட்டோ பை: கேட்டதும் சொன்னதும்

வட இங்கிலாந்தில், முக்கியமாக லங்காஷயர் பக்கம், வீடுகளில் செய்யும் மாட்டுக்கறி உருளைக்கிழங்கு பை (pie: கறிக்குழம்பை மாவால் மூடி அவனில், அதாவது oven-இல், சுடும் பண்டம்) பற்றி வந்த கேள்விகள் இவை.

அக்கா, ஆறு பேருக்கு அளவு சொல்லுங்க. எந்தக் கறி வாங்கணும்?

எலும்பில்லாத மாட்டுக்கறி 600 கிராம், உருளைக்கிழங்கு 900 கிராம், பெரிய வெங்காயம் 2, வெள்ளை மிளகுத்தூள் 1 டீஸ்பூன், உப்பு. கறியைவிடக் கிழங்கு கூடுதலாக இருப்பதுதான் இந்தப் பையின் இயல்பு, அதைக் குறைக்காதீங்க. கால் சதையோ கழுத்துக்கறியோ கேட்டு வாங்குங்க. அதிலிருக்கும் சவ்வு நிதானமாக வேகும்போது கரைந்து, குழம்புக்குப் பசையும் ருசியும் தரும். கொழுப்பில்லாத தொடைக்கறி சக்கையாகிவிடும்.

மேல்மாவுக்கு மைதா 300 கிராம், குளிர்ந்த வெண்ணெய் 75 கிராம், பன்றிக்கொழுப்பு 75 கிராம், உப்பு அரை டீஸ்பூன், ஐஸ் தண்ணீர் 4 அல்லது 5 மேசைக்கரண்டி. பன்றிக்கொழுப்பு வேண்டாம் என்றால் வெண்ணெயே 150 கிராம் போடலாம்.

கிழங்கு கரைஞ்சு கூழாகுது, இல்லேன்னா குழம்பு தண்ணியா நிக்குது. மைதா கரைச்சு ஊத்தலாமா?

வேண்டாம். கிழங்கை இரண்டு தடவையாகப் போட்டால் போதும். கறியை 2 செ.மீ. துண்டுகளாக்கி, நறுக்கின வெங்காயம், உப்பு, மிளகுத்தூளோடு 750 மில்லி தண்ணீரில் மூடி, சிறு தீயில் ஒன்றரை மணி நேரம் வேகவிடுங்க. குக்கர் என்றால் 500 மில்லி தண்ணீர், முதல் விசிலுக்குப் பிறகு சிறு தீயில் 25 நிமிடம். பிறகு 300 கிராம் கிழங்கை மெல்லிய வில்லைகளாகப் போட்டு, கரையும்வரை வேகவிடுங்க. குழம்பு கெட்டியாவது அதனால்தான். மிச்சம் 600 கிராமைப் பெரிய துண்டுகளாகப் போட்டு, கத்தி கொஞ்சம் தடுத்து இறங்கும் பதத்தில் அடுப்பை அணைங்க. கரண்டியால் கோடு இழுத்தால் பாத்திரத்தின் அடி ஒரு நொடி தெரியணும்.

அங்கே மேரிஸ் பைப்பர் மாதிரி மாவுக்கிழங்குதான் எடுப்பாங்க. நம் கடைகளில் தோல் தடித்த பழைய கிழங்கு பாருங்க, புதுக்கிழங்கு கரையாது. வூஸ்டர் சாஸ் சேர்ப்பதானால் கடைசியில் சேருங்க. அதிலிருக்கும் வினிகர், கிழங்கை மெத்தென்று வேகவிடாது.

மேல்மாவு நடுவில் தொங்கிடுது, அதோட அடிப்பக்கம் பச்சையா இருக்கு, ஏன்?

சூட்டோடு மூடியிருப்பீங்க. வெண்ணெய் ஏறக்குறைய 35 டிகிரியிலேயே உருகிவிடும். மாவு வெந்து இறுகும் முன்னரே கொழுப்பு வழிந்துவிட்டால் பொரபொரப்பு வராது. முழுசாக ஆறவிடுங்க. முதல் நாளே செய்து பிரிட்ஜில் வைப்பது இன்னும் நல்லது. பாத்திரம் விளிம்புவரை நிறையணும்; பள்ளம் இருந்தால் மாவு அதில் உட்காரும். நடுவில் ஒரு சின்ன பீங்கான் கிண்ணத்தைக் கவிழ்த்து முட்டுக் கொடுக்கலாம்.

5 மி.மீ. கனத்தில் தேய்த்து மூடி, முட்டை தடவி, ஆவி போக நடுவில் கீறுங்க. அவனில் 200 டிகிரி செல்சியஸில் 25 நிமிடம், பிறகு 180-இல் 15 முதல் 20 நிமிடம். கீறல் வழியாகக் குழம்பு கொதிப்பது தெரிந்தால் எடுக்கலாம்.

மாவு சுருங்கி விளிம்பைவிட்டு விலகுதே?

அதிகம் பிசைந்திருக்கீங்க. ஒன்றுசேர்ந்ததும் நிறுத்தி, பிரிட்ஜில் 30 நிமிடம் வையுங்க. மூடும்போது இழுக்காதீங்க.

அடியிலும் மாவு வேணுமா?

வீட்டில் ஆழமான பாத்திரத்தில் மேலே மட்டும் மூடுவதே வழக்கம். கையில் பிடித்துச் சாப்பிடும் கடைப் பைக்குத்தான் அடியும் உண்டு. அப்படிச் செய்தால் மாவு இரண்டு மடங்கு வேணும். அவனில் சூடேற்றின இரும்புத் தட்டின்மேல் வைத்தால்தான் அடி வேகும்.

மிளகாய்த்தூள், கரம் மசாலா சேர்க்கலாமா அக்கா?

ருசியாகத்தான் இருக்கும், ஆனால் அது வேறு பை. இதில் மிளகும் வெங்காயமும் கறிச்சாறும்தான் பேசணும். காரம் போதவில்லை என்றால் மிளகைக் கூட்டுங்க. பக்கத்தில் வினிகரில் ஊறின சிவப்பு முட்டைகோஸ் வைத்தால் கொழுப்பின் திகட்டல் தெரியாது.

மறுநாள் சூடு பண்ண?

அவனில் 180 டிகிரி, துண்டுக்கு 20 நிமிடம். மைக்ரோவேவில் மேல்மாவு நமத்துப்போகும்.