நீல ஸ்ட்ரிப், மஞ்சள் ஷீட்: குவாண்டம் டாட் டிவி கேள்வி-பதில்

மன்னார்குடி: கியூஎல்இடி, கியூடி-ஓஎல்இடி இரண்டும் ஒன்றா?

இல்லை. முதலாவது எல்சிடிதான், பின்னால் நீல எல்இடி, நடுவில் குவாண்டம் டாட் (நிறம் மாற்றும் நானோ துகள்) ஷீட். இரண்டாவதில் பேக்லைட்டே கிடையாது. ஒவ்வொரு பிக்சலும் தானே நீலமாக ஒளிரும். மேலுள்ள டாட் அதைச் சிவப்பாகவும் பச்சையாகவும் மாற்றும்.

தஞ்சாவூர் கல்லூரி மாணவி: ஒரே பொருள் எப்படி இரண்டு நிறம் தருகிறது?

துகளின் அளவுதான் காரணம். காட்மியம் செலினைடு என்றால் 3 நானோமீட்டர் பச்சை, 6 சிவப்பு, ஏறக்குறைய. 2023 வேதியியல் நோபல் (பவெண்டி, புருஸ், எகிமோவ்) இந்தத் துகளுக்குத்தான்.

கும்பகோணம்: கியூஎல்இடி டிவியில் பேக்லைட் ஸ்ட்ரிப் (பின்னொளி எல்இடி பட்டை) மாற்றியதிலிருந்து படம் மஞ்சளாக இருக்கிறது. பேனல் போச்சு என்கிறார் மெக்கானிக்.

பேனல் போகவில்லை, போட்ட ஸ்ட்ரிப்தான் தப்பு. எத்தனை முறை எழுதினாலும் இதே கடிதம் வருகிறது, முழுதாகவே சொல்லிவிடுகிறேன்.

சாதாரண டிவியில் வெள்ளை ஸ்ட்ரிப்: நீல சிப்பின் மேல் மஞ்சள் பாஸ்பர் (நீலத்தில் ஒரு பங்கை மஞ்சளாக்கும் பூச்சு). உங்கள் டிவியில் வந்தது சுத்த நீலம், 450 நானோமீட்டர் பக்கம். அதில் ஒரு பங்கை ஷீட் விழுங்கிப் பச்சையும் சிவப்புமாகத் தரும். மிச்ச நீலமும் சேர்ந்தால் வெள்ளை. வெள்ளை ஸ்ட்ரிப்பில் நீலம் ஏற்கெனவே குறைவு. இருப்பதிலும் ஷீட் பங்கு எடுத்தால் மஞ்சள்தான் மிஞ்சும். சர்வீஸ் மெனுவில் சிவப்பையும் பச்சையையும் இறக்கி ஒப்பேற்றுவார்கள். வெளிச்சம் குறையும். கரண்டை ஏற்றுவார்கள். புது ஸ்ட்ரிப்பும் சீக்கிரம் கருகும்.

பழைய ஸ்ட்ரிப்பை எல்இடி டெஸ்டரில் எரியவிடுங்கள். உற்றுப் பார்க்காதீர்கள், கண்ணுக்கு ஆகாது. நீலமாக எரிந்தால் மட்டும் முடிவு கட்டக்கூடாது, பாஸ்பர் வெந்துபோன வெள்ளை ஸ்ட்ரிப்பும் நீலம் காட்டும். அணைத்துவிட்டு பல்பின் முகத்தைப் பாருங்கள்: மஞ்சள் பூச்சு இருந்தால் வெள்ளை ஸ்ட்ரிப், இல்லாவிட்டால் நீலம். வாங்கும்போது பல்ப் எண்ணிக்கை, வோல்ட் (3 அல்லது 6), லென்ஸ் மூன்றும் பொருந்த வேண்டும். ஒன்றிரண்டு மட்டும் மாற்றாமல் செட்டாகப் போடுங்கள். பிரிக்கும்போதே ஷீட் வரிசையையும், ஷீட் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் காது எந்தப் பக்கம் என்பதையும் போட்டோ எடுங்கள். எரியவிட்டபின் பேக்லைட்டை 70 சதவீதத்துக்கு மேல் ஏற்றாதீர்கள்.

வேறு டிவியின் ஷீட்டை வெட்டிப் போடுவதும் வேண்டாம். ஷீட்டை வெட்டாதீர்கள்!

நாகப்பட்டினம்: உப்புக்காற்றில் டாட் கெடுமா?

ஷீட் இரு தடுப்புப் படலங்களுக்கு நடுவே இருக்கிறது. காற்றும் ஈரமும் நுழைவது ஓரத்தில்தான். நுழைந்தால் படத்தின் விளிம்பில் நீலக்கோடு தெரியும். வெட்டாதீர்கள் என்பது அதனால்தான். உப்பு முதலில் அரிப்பது போர்டையும் பேனல் ஓரத்து இணைப்புகளையும்.

திருவாரூர்: காட்மியம் விஷமாச்சே?

விஷம்தான். ஐரோப்பாவின் பொது வரம்பு 0.01 சதவீதம். அதற்காகவே காட்மியம் இல்லாத இண்டியம் பாஸ்பைடு டாட் வந்தது. அதன் ஒளியில் அலைநீளப் பரவல் சற்று அகலம், 35-40 நானோமீட்டர்; நிறத்தின் தூய்மை அந்த அளவுக்குக் குறையும். ஷீட்டைத் தொட்டால் ஒன்றும் ஆகாது. வைக்கோலோடு, குப்பையோடு எரிக்காதீர்கள், மின்கழிவாகக் கொடுங்கள்.

மயிலாடுதுறை: "டிவி கலர் சரியில்லை, என்ன செய்ய?"

எந்த டிவி? எந்தக் கலர்? எப்போதிலிருந்து? பின்பக்க ஸ்டிக்கரில் உள்ள மாடல் எண்ணை எழுதுங்கள். அது இல்லாமல் பதில் சொல்ல முடியாது.

திருத்துறைப்பூண்டி: மைக்ரோ எல்இடி (பிக்சல்களே நுண்ணிய எல்இடி சிப்புகளான திரை) வந்தால் டாட் தேவைப்படாதே?

தேவை கூடவே செய்யும். சிவப்பு சிப்பைச் சிறிதாக்கினால் அதன் வெட்டுமுகத்திலேயே கரண்ட் வீணாகி ஒளி குறைகிறது. நீல சிப்பின் மேல் டாட் பூசிச் சிவப்பு எடுப்பது ஒரு வழி. ஆனால் 10 மைக்ரான் பூச்சில் நீலம் முழுதும் உறிஞ்சப்படாமல் கசியும். மேலே கலர் ஃபில்டர் வைக்க வேண்டியிருக்கிறது.