தாத்தாவின் பெயரைத் தேட ஏஜென்டுக்குப் பணம் எதற்கு?

கேள்வி: பட்டாளத்தில் இருந்த என் தாத்தா 1944-இல் பர்மாவில் இறந்தார். ரங்கூன் பக்கத்து ராணுவக் கல்லறைத் தோட்டத்தில் அவர் கல்லறையைக் கண்டுபிடித்து, பெயர்ப் பிழையையும் திருத்தித் தர 15,000 ரூபாய் கேட்கிறார் ஒருவர். கொடுக்கலாமா? (கொழிஞ்சாம்பாறை வாசகர்)

பதில்: வேண்டாம், ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். பதிவேடு காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையத்திடம் இருக்கிறது. அவர்கள் இணையதளத்தில் போனிலேயே இலவசமாகத் தேடலாம்.

பெயரைப் போட்டு வரவில்லை என்றால் சோர்ந்துவிடாதீர்கள். அந்தக் காலத்து எழுத்தர் காதில் விழுந்ததை எழுதினார். முத்துச்சாமி மூட்டுசாமி ஆகியிருப்பார். பட்டாள எண்ணில் இந்த உச்சரிப்புக் குழப்பம் வராது. பழைய பென்ஷன் புத்தகத்திலோ, சாவு சொல்லி வந்த தபாலிலோ அந்த எண் இருக்கும். இன்னொன்று, உங்கள் ஊர் இருக்கும் சித்தூர் தாலுகா அன்றைக்குக் கொச்சி சமஸ்தானத்தில் இருந்தது. பாலக்காட்டுப் பக்கம்தானே என்று மலபார் எனத் தேடினால் கிடைக்காமல் போகலாம்.

கல்லறையே இல்லாமலும் இருக்கலாம். உடல் கிடைக்காத வீரர்கள் ஏறத்தாழ 27,000 பேரின் பெயர்கள் ரங்கூன் பக்கத்துத் தாவ்க்கியான் ராணுவக் கல்லறைத் தோட்டத்தில் தூண்களில் வெட்டப்பட்டுள்ளன. எரியூட்டப்பட்டவர்களுக்கும் அங்கே தனி நினைவிடம் உண்டு. ஏஜென்டுகள் இதைச் சொல்லாமல் ஏதோ ஒரு கல்லின் படத்தைக் காட்டிப் பணம் பறிக்கிறார்கள். கல்லில் எண்ணும் படைப்பிரிவும் பொருந்துகிறதா என்று பாருங்கள்.

ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். மலேயா தோட்டத்திலிருந்து சயாம்-பர்மா ரயில் பாதை போட ஜப்பானியர் பிடித்துப்போன கூலிகள் இந்தப் பதிவேட்டில் வர மாட்டார்கள். பல்லாயிரம் தமிழர்கள் அங்கே செத்தார்கள். ஆனால் ராணுவத்தார் இல்லை என்பதால் அவர்களுக்குப் பதிவேட்டில் இடமில்லை. அநியாயம்தான். பாலக்காட்டுப் பக்கமிருந்து மலேயா போனவர்களின் வீடுகளைக் குறிவைத்தே ஏஜென்டுகள் வருகிறார்கள். தாத்தா பட்டாளமா, தோட்டமா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

பெயரைத் திருத்த, அக்காலத்து ஆவண நகல்களோடு ஆணையத்துக்கு நீங்களே எழுதுங்கள். உள்ளூர் அலுவலகங்களுக்கு அலையாதீர்கள். ஒரு மேசையில் கேட்டால் அடுத்த மேசையைக் காட்டுவார்கள், அது பத்து வருடத்துக்கும் ஓடும். பதிவேட்டைச் சரிபார்க்க யாரும் நம் வீடு தேடி வரப்போவதில்லை. அமெரிக்காவின் ஆர்லிங்டன் ராணுவக் கல்லறைத் தோட்டத்திலேயே 2010 விசாரணையில் மூன்றே பகுதிகளில் 211 பிழைகள் வெளிவந்தன. காகித அட்டைகளை நம்பியே பதிவேட்டை நடத்தி வந்தார்கள். அப்புறம்தான் ஒவ்வொரு கல்லாகப் படமெடுத்துப் பதிவேட்டோடு ஒப்பிட்டார்கள். அங்கேயே அப்படி என்றால், உங்கள் கையிலுள்ள ஒரு தாள் எவ்வளவு முக்கியம் என்று பாருங்கள்.

அந்த ஆள் அசல் தாள் எதையாவது வாங்கிப் போயிருக்கிறாரா? நாளைக்கே போய்த் திரும்ப வாங்குங்கள். மற்ற வேலையெல்லாம் அப்புறம்.