வாசகர் கேள்வி – பதில்: ‘ஜார்ஸ் ஆஃப் கிளே’யின் முதல் ஆல்பம்

கேள்வி: கல்லூரி மாணவர்கள் தொடங்கிய ‘ஜார்ஸ் ஆஃப் கிளே’ என்ற கிறிஸ்தவ ராக் குழு, முதல் ஆல்பத்திலேயே பெரும் புகழ் அடைந்ததாகச் சென்ற இதழில் ஒரு வரியில் குறிப்பிட்டிருந்தீர்கள். அது எப்படி நடந்தது என்று சற்று விரிவாகச் சொல்ல முடியுமா?
— வாசகர், நாகர்கோவில்

பதில்: அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் கிரீன்வில் என்றொரு சிற்றூர் இருக்கிறது. ஃப்ரீ மெதடிஸ்ட் சபையைச் சார்ந்த அங்குள்ள கல்லூரியில் சமகாலக் கிறிஸ்தவ இசையைத் தனிப் பாடமாகவே கற்பித்துவந்தார்கள். அங்கே படித்த டான் ஹேசெல்டைன், சார்லி லோவெல், ஸ்டீபன் மேசன், மேட் பிரான்லீவி ஆகிய நால்வரும் 1993ஆம் ஆண்டில் ஒலிப்பதிவு வகுப்புக்காகச் சேர்ந்து பாடல்கள் இயற்றத் தொடங்கினார்கள். தங்கள் குழுவுக்கு அவர்கள் வைத்துக்கொண்ட பெயர், கொரிந்தியருக்குப் பவுல் எழுதிய இரண்டாம் நிருபத்தின் நான்காம் அதிகாரத்தில், விலைமதிப்பற்ற பொக்கிஷத்தை மண்பாண்டங்களில் பெற்றிருக்கிறோம் என்று வரும் வசனத்திலிருந்து எடுக்கப்பட்டது.

1994இல் நாஷ்வில் நகரில் காஸ்பல் (கிறிஸ்தவ) இசைச் சங்கம் நடத்திய புதியவர்களுக்கான போட்டியில் அவர்கள் வென்றார்கள். அதன்பின் இசை நிறுவனங்கள் தேடிவரவே, படிப்பை முடிக்காமலேயே நாஷ்வில்லுக்குக் குடிபெயர்ந்தார்கள். பிரான்லீவி விலக, அவரது இடத்துக்கு மேட் ஓட்மார்க் வந்தார். குழுவின் பெயரையே தலைப்பாகத் தாங்கிய ஆல்பம் 1995இல் வெளிவந்தது. அதில் பெரும்பாலான பாடல்களை அவர்களே தயாரித்தார்கள். ‘ஃப்ளட்’ (வெள்ளம்), ‘லிக்விட்’ (திரவம்) என்ற இரண்டு பாடல்களை மட்டும் கிங் கிரிம்சன் குழுவின் கிதார் கலைஞர் ஏட்ரியன் பெலூ தயாரித்துக் கொடுத்தார். டேவிட் போவியுடனும் டாக்கிங் ஹெட்ஸ் குழுவுடனும் வாசித்த அனுபவம் உள்ள அவரைப் போன்ற ஒருவர், பெயர் தெரியாத நான்கு இளைஞர்களின் பாடல்களை எடுத்துக்கொண்டதே அந்நாளில் அபூர்வம்தான்.

‘ஃப்ளட்’ முதலில் கிறிஸ்தவ வானொலிகளில் ஒலித்தது. பின்னர் சில்வர்டோன் நிறுவனம் அதைப் பொது ராக் வானொலிகளுக்குக் கொண்டுசென்றது. அந்தப் பாடல் 1996இல், அமெரிக்காவின் பிரபலப் பாடல்களை வரிசைப்படுத்தும் பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் 37ஆம் இடத்தைத் தொட்டது. ஆல்பம் அமெரிக்காவில் இருபது லட்சம் பிரதிகளைத் தாண்டி விற்றது. கிறிஸ்தவப் பாடகி ஏமி கிராண்ட் 1991லேயே பொதுப் பட்டியலில் முதலிடம் பெற்றிருந்தார் என்றாலும், அவரை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது காதல் சாயல் கொண்ட ஒரு பாப் பாடல். இவர்களோ ஒரு வேண்டுதலைப் பாடி அந்த வாசலுக்குள் நுழைந்தார்கள் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

கேள்வி: என் மகன் ‘ஃப்ளட்’ பாடலை ஓயாமல் கேட்கிறான். நானும் கவனித்துக் கேட்டேன். அதில் இயேசுவின் பெயர் ஓரிடத்திலும் வரவில்லை. எல்லோருக்கும் விற்க வேண்டும் என்பதற்காகத்தான் விசுவாசத்தை மறைத்துப் பாடினார்களா? கிறிஸ்தவர் அல்லாதவர்களும் இதை விரும்பியதற்கு அதுதான் காரணமா?
— வாசகி, பாளையங்கோட்டை

பதில்: உங்கள் கேள்வி நியாயமானது, அன்றைக்குப் பலரும் இதையே கேட்டார்கள். ஆனால் அந்த ஒரு பாடலோடு நிறுத்திக்கொள்ளாமல் ஆல்பத்தைத் தொடக்கத்திலிருந்து கேட்டுப் பாருங்கள். மடாலயத் துறவிகளின் ஓதுதலை நினைவூட்டும் குரல்களோடு தொடங்கும் முதல் பாடலான ‘லிக்விட்’, சிலுவையில் அறையப்பட்ட கைகளைப் பற்றித்தான் பாடுகிறது. மூன்றாவது பாடலான ‘லவ் சாங் ஃபார் எ சேவியர்’ தலைப்பிலேயே இரட்சகர் இருக்கிறார். விசுவாசத்தை மறைத்து விற்க நினைத்தவர்கள் ஆல்பத்தின் வாசலிலேயே சிலுவையை நட்டுவைத்திருக்க மாட்டார்கள்.

‘ஃப்ளட்’ பாடலையும் சற்று நெருங்கிப் பார்ப்போம். நாட்கணக்கில் நிற்காமல் பெய்யும் மழையில் ஒருவன் சிக்கிக்கொண்டிருக்கிறான். நாற்பது நாட்களுக்குப் பிறகு இனி நீந்த முடியாது என்கிறான். விழ முடியாத உயரத்துக்குத் தன்னைத் தூக்கிவிடும்படி கெஞ்சுகிறான். நாற்பது நாள் மழை என்றதுமே வேதம் வாசித்தவருக்கு நோவாவின் நினைவு வந்துவிடும். ஆனால் இந்தப் பாட்டுக்காரன் பேழைக்குள் பத்திரமாக அமர்ந்திருப்பவன் அல்லன். வெளியே தண்ணீரில் தத்தளிப்பவன். வெள்ளங்கள் தன் ஆத்துமாமட்டும் பெருகிவருவதாகக் கதறும் அறுபத்தொன்பதாம் சங்கீதத்துக்கே இந்தப் பாடல் நெருங்கிய உறவு என்று நான் நினைக்கிறேன். இசையும் அந்தப் பதற்றத்தையே பின்பற்றுகிறது: அகூஸ்டிக் கிதார் மூச்சு வாங்கவிடாமல் வேகமாக ஓடிக்கொண்டிருக்க, நடுவில் ஓரிடத்தில் எல்லாம் சட்டென்று அடங்கி, தந்தி வாத்தியங்களுக்கு மேல் குரல் மட்டும் தணிந்து ஒலிக்கிறது, அடுத்த கணமே வெள்ளம் மீண்டும் வந்து மோதுகிறது.

கிறிஸ்தவர் அல்லாதவர்களையும் இந்த ஆல்பம் தொட்டதற்குக் காரணம் இந்த நிலைப்பாடுதான் என்பது என் கருத்து. 1969இல் லாரி நார்மன் வெளியிட்ட ஆல்பத்திலிருந்து கிறிஸ்தவ ராக் இசையின் வரலாற்றைக் கணக்கிடுவார்கள். அன்றுமுதல் அந்த இசையில் பெரும்பகுதி, கேட்பவரை நோக்கிப் பேசும் பிரசங்கமாகவே இருந்தது. பிரசங்கத்தை ஏற்பவர் ஏற்பார், மறுப்பவர் எழுந்து போய்விடுவார். இந்த ஆல்பத்தில் பாடுபவரோ பெரும்பாலும் கேட்பவரிடம் பேசுவதே இல்லை. தேவனிடம் பேசிக்கொண்டிருக்கிறார், நாம் பக்கத்தில் நின்று கேட்கிறோம். தன்னைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திக்கொண்டு பாடும் ‘வேர்ல்ட்ஸ் அபார்ட்’, வீட்டிலேயே துன்புறுத்தப்படும் ஒரு குழந்தையின் துயரத்தைச் சொல்லும் ‘ஹீ’, நூலில் ஆடும் பொம்மையாகிப்போன மனிதனைப் பற்றிய ‘பாய் ஆன் எ ஸ்ட்ரிங்’ ஆகிய மூன்றிலும் நான் சொல்வதை ஏற்றுக்கொள் என்ற தொனி கிடையாது. உதவி கேட்டு அழும் ஒருவனின் குரலைப் புரிந்துகொள்ள எவருக்கும் ஞானஸ்நானச் சான்றிதழ் தேவைப்படுவதில்லை.

காலமும் அவர்களுக்குத் துணைநின்றது. நிர்வாணா என்ற ராக் குழுவின் பாடகர் கர்ட் கோபேன் 1994 ஏப்ரலில் இறந்திருந்தார்; அமெரிக்க ராக் வானொலிகளில் இரைச்சலான மின் கிதாரும் விரக்தியுமே மேலோங்கியிருந்தன. அங்கே அகூஸ்டிக் கிதார், வயலின், செல்லோ இவற்றோடு வந்த இந்தக் குழுவில் டிரம்ஸ் வாசிக்க ஆளே கிடையாது. பல பாடல்களின் தாளத்தைக் கணினியில் அமைத்த டிரம் லூப்களே (திரும்பத் திரும்ப ஒலிக்கும் தாளத் துணுக்குகளே) தாங்குகின்றன. வசதிக் குறைவால் வந்த அந்த ஏற்பாடு, நாட்டுப்புறச் சாயல் கொண்ட மெல்லிய கிதாருக்கு அடியில் நகரத்து நடனக்கூடத் தாளம் ஓடும் ஒரு புதுமையான ஒலியை உண்டாக்கிவிட்டது. விரக்தியை அறிந்த குரலாகவும் அது இருந்தது, ஆனால் விரக்தியிலேயே தங்கிவிடவில்லை. இவர்கள் கிறிஸ்தவக் குழு என்று தெரியாமலேயே ‘ஃப்ளட்’ பாடலை விரும்பியவர்கள் ஏராளம்.

உங்கள் மகன் ஓயாமல் கேட்பதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். ஒருநாள் அவனோடு உட்கார்ந்து, அந்தச் சங்கீதத்தை வாசித்துவிட்டு இருவருமாகப் பாடலைக் கேளுங்கள்.

கேள்வி: மதுக்கூடங்களில் எல்லாம் போய் இவர்கள் பாடியதாகப் படித்தேன். தேவனைத் துதிக்கும் குழுவுக்கு இது தகுமா?
— வாசகர், மட்டக்களப்பு

பதில்: பாடியது உண்மை. சபை வட்டாரங்களில் பலர் அன்றே முகம் சுளித்தார்கள். ஒரே காலகட்டத்தில் கிறிஸ்தவப் பாடகர் மைக்கேல் டபிள்யூ. ஸ்மித்தின் மேடையிலும், ஸ்டிங் போன்ற பொது இசைக் கலைஞரின் மேடையிலும், சிறு நகரக் கிளப்புகளிலும் அவர்கள் பாடிக்கொண்டிருந்தார்கள். வானொலியில் கேட்ட பாடலுக்காகக் கிளப்புக்கு வந்தவர்கள் முன்னால் ‘லிக்விட்’ பாடலையும் பாடியவர்களை விசுவாசத்தை விட்டுக்கொடுத்தவர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இடத்துக்கேற்பப் பாடலை மாற்றியிருந்தால் உங்கள் குறையில் நியாயம் இருந்திருக்கும். வெற்றியையும் அவர்கள் தங்களோடு வைத்துக்கொள்ளவில்லை. பிற்காலத்தில் அவர்கள் தொடங்கிய ‘பிளட்:வாட்டர்’ என்ற தொண்டு அமைப்பு, ஆப்பிரிக்கக் கிராமங்களில் சுத்தமான குடிநீருக்காகவும் எய்ட்ஸ் நோயாளிகளின் நலனுக்காகவும் இன்றுவரை உழைத்துவருகிறது.

கேள்வி: ஆங்கிலப் பாடல்கள் எனக்கு அதிகம் பழக்கமில்லை. எங்கிருந்து தொடங்கலாம்?
— வாசகி, திண்டுக்கல்

பதில்: ‘ஃப்ளட்’ பாடலின் வேகத்தில் சொற்கள் நழுவிப்போகும். ஆகவே ‘வேர்ல்ட்ஸ் அபார்ட்’ பாடலிலிருந்து தொடங்குங்கள். நிதானமான நடை என்பதால் ஒவ்வொரு சொல்லும் காதில் விழும். அடுத்ததாக ‘லவ் சாங் ஃபார் எ சேவியர்’. இவை பிடித்திருந்தால் 1997இல் வெளிவந்து கிராமி விருது பெற்ற ‘மச் அஃப்ரெய்ட்’ என்ற அவர்களது இரண்டாவது ஆல்பத்தையும் கேளுங்கள். முதல் ஆல்பத்தின் புத்துணர்வு அதில் சற்றுக் குறைவுதான் என்றாலும், பாடல் வரிகளில் அவர்கள் இன்னும் ஆழமாகப் போயிருக்கிறார்கள்.