எதிரில் இருக்கும் டம்ளர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அம்மாவுக்கு 59 வயது. இரண்டு வருடத்தில் மூன்று முறை கண்ணாடி மாற்றினோம், கண்புரை ஆபரேஷனும் ஆயிற்று. ஆனாலும் எதிரில் இருக்கும் டம்ளரைத் தேடுகிறாள். ஞாபகமெல்லாம் நன்றாக இருக்கிறது. போன மாதம் நரம்பியல் மருத்துவர் 'போஸ்டீரியர் கார்ட்டிகல் அட்ரோபி' என்றார். அல்சைமரில் ஒரு வகையாம். அப்பாவோ, 'நடிக்கிறா' என்கிறார்.

எம்.

அன்புள்ள எம்.,

அப்பாமேல் எனக்குக் கோபம் வரவில்லை. என் சித்தியைப் பற்றி நாங்களும் அதைத்தான் சொன்னோம். சுவரில் ஊரும் எறும்பைக் காட்டுவாள். கைக்குப் பக்கத்தில் இருக்கும் டம்ளர் தெரியாது. பேப்பரில் பொடி எழுத்தை வாசிப்பாள், கொட்டை எழுத்துத் தலைப்பில் திணறுவாள். யாருக்கும் சந்தேகம் வரத்தானே செய்யும்?

கண் ஒழுங்காகத்தான் படம் பிடித்து அனுப்புகிறது. அதைக் கோத்து, 'இது டம்ளர், இவ்வளவு தூரத்தில் இருக்கிறது' என்று சொல்லவேண்டிய மூளையின் பின்பகுதி நலிந்துகொண்டு வருகிறது. ஒரு நேரத்தில் ஒரு துண்டுதான் பிடிபடும். சின்ன எழுத்து அதற்குள் அடங்கிவிடும், பெரியது அடங்காது. அம்மாவின் செல்போனில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருந்தால் கொஞ்சம் குறைத்துப் பாருங்கள்.

ஆங்கில நாவலாசிரியர் டெர்ரி பிராட்செட்டுக்கு 2007-இல் இதே நோய் என்று தெரிந்தபோது அவருக்கும் 59 வயதுதான். தட்டச்சு கைவிட்டதும் வாயால் சொல்லிச் சொல்லியே மேலும் பல நாவல்கள் எழுதினார். 2015-இல் இறந்தார். இதைக் குணப்படுத்த மருந்து கிடையாது, நாளாக ஆக ஞாபகமும் குறையும். அதை மறைப்பதில் பயனில்லை.

சித்தி வீட்டில் கைகொடுத்தவை சில்லறைக் காரியங்கள்தான். கிரானைட் மேடையின் பளபளப்பில் எவர்சில்வர் காணாமல் போய்விடும். சிவப்பு பிளாஸ்டிக் டம்ளர் வாங்கி எப்போதும் ஒரே மூலையில் வைத்தோம். வெள்ளைத் தட்டில் இட்லி வைப்பதை நிறுத்தினோம். வாழையிலை உத்தமம், சித்தப்பாவுக்கும் பரம சந்தோஷம். வாசலில் கறுப்புக் கால்மிதி ஒன்று கிடந்தது. அதன் முன்னால் வந்து நின்றுவிடுவாள். அவளுக்கு அது பள்ளம். ஒருநாள் தாண்டப் பார்த்து விழுந்தாள். அப்புறம்தான் எங்களுக்கு உறைத்தது, தூக்கி எறிந்தோம். படி விளிம்புகளில் மஞ்சள் பெயின்ட் அடித்தோம்.

அப்பாவிடம் ஒன்று சொல்லுங்கள். 'எதிர்லதானே இருக்கு' என்பதை விட்டுவிட்டு, அம்மாவின் கையைப் பிடித்து டம்ளரில் வைக்கட்டும். விரல் பட்டதுமே சித்திக்குத் தெரிந்துவிடும். "இங்கதான் இருந்துச்சா சனியன்" என்று டம்ளரைத்தான் திட்டுவாள்.