சீலைப்பேன்: உடம்பை விடுங்கள், துணியைப் பாருங்கள்

திருவையாறு: அப்பாவுக்கு 76 வயது. இடுப்பிலும் அக்குளிலும் ஓயாத அரிப்பு, நகக்கீறல். உடம்பில் தேடினால் ஒரு பேன்கூட இல்லை.

உடம்பில் இருக்காதுதான். சீலைப்பேன் குடியிருப்பது துணியில். இரத்தம் குடிக்க மட்டும் தோலுக்கு வரும். அவர் சட்டையைக் கழற்றி உள்பக்கம் வெளியே திருப்பி, வெயிலில் பிடித்துத் தையலைப் பாருங்கள். அக்குள் தையல், காலர் மடிப்பு, உள்ளாடையின் இடுப்புப்பட்டை. வீட்டுப் பெண்களுக்கும் அரிப்பு இருந்தால் பாவாடையில் நாடா ஓடும் மடிப்பைப் பிரித்துப் பார்க்க வேண்டும். நூலோடு ஒட்டி வெள்ளை மணி போல ஈர் வரிசையாக இருக்கும். பேன் எள்ளளவு, இரத்தம் குடித்திருந்தால் கருஞ்சிவப்பு. தையலில் ஒன்றும் இல்லை, விரலிடுக்கிலும் மணிக்கட்டிலும் கொப்புளம், இரவில் அரிப்பு கூடுகிறது என்றால் அது சிரங்காக இருக்கலாம். அதற்கு மருத்துவம் வேறு.

மன்னார்குடி: மூன்று முறை சோப்புப் போட்டு ஆற்றில் அலசினோம். மறுபடி வந்துவிட்டது.

பச்சைத் தண்ணீரும் சோப்பும் போதாது. தண்ணீரில் மூழ்கிக் கிடந்தாலும் பேன் எளிதில் சாகாது, ஈர் நூலை விட்டு வராது. இரண்டையும் கொல்வது சூடு. தண்ணீர் 54 டிகிரிக்குக் கீழே இறங்கக் கூடாது. கை பொறுக்கிற சூடு அதைவிடக் குறைவு. பலரும் தவறுவது இங்கேதான். ஒரு குடம் கொதிநீரை மூன்று குடம் பச்சைத் தண்ணீரில் ஊற்றினால் 50 டிகிரிகூட வராது. கொதிநீரும் பச்சைத் தண்ணீரும் சரிபாதி கலந்தால் 60 டிகிரியைத் தாண்டும். உலர்ந்த துணியை அதில் முழுக்க அமுக்கி, மூடி போட்டு அரைமணி நேரம் விடுங்கள். ஆறினால் மேலும் கொதிநீர் ஊற்றுங்கள். பருத்தியென்றால் நெல் அவிக்கிற அண்டாவிலேயே போட்டுக் கொதிக்க வைக்கலாம். ஊரில் வெள்ளாவி வைப்பவர் இன்னும் இருந்தால் அதைவிட நல்ல வழி இல்லை: நீராவி தையலுக்குள் புகுந்துவிடும்.

அதே நாளில் எல்லாரும் குளித்து, சுத்தமான துணிக்கு மாற வேண்டும். அரைஞாண் கயிற்றையும் மாற்றிவிடுங்கள். பிறகு வாரம் ஒருமுறையாவது துணி மாற்றித் துவைத்தால் பெரும்பாலும் உடம்புக்கு மருந்தே தேவைப்படாது.

கும்பகோணம்: பட்டுப்புடவை, கம்பளி, தலையணையை என்ன செய்வது?

பாலிதீன் பையில் போட்டு, காற்றுப் புகாமல் கட்டி, இரண்டு வாரம் தொடாதீர்கள். இரத்தம் கிடைக்காவிட்டால் பேன் ஒரு வாரத்துக்குள் செத்துவிடும். மீதி நாள் ஈர் பொரிப்பதற்காக. தேய்க்கிற துணியென்றால் இஸ்திரிப் பெட்டியைத் தையல்மேல் மெதுவாக ஓட்டுங்கள்.

பாபநாசம்: வயலுக்கு அடிக்கிற மருந்தைக் கொஞ்சம் கலந்து உடம்பில் தடவலாமா? மண்ணெண்ணெய்?

இரண்டும் வேண்டவே வேண்டாம். பூச்சிமருந்து தோல் வழியே இரத்தத்தில் ஏறும். சொறிந்த புண் இருந்தால் இன்னும் வேகமாக. யாராவது ஏற்கெனவே தடவி, வாந்தியோ, எச்சில் வடிதலோ, மூச்சுத்திணறலோ வந்தால் துணியைக் கழற்றி, சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டே 108-ஐ அழையுங்கள். மண்ணெண்ணெய் தோலைப் பொசுக்கும், தீயும் பிடிக்கும். அரிதாக உடம்பு முடியில் ஈர் இருந்தால் மருத்துவர் பெர்மெத்ரின் என்ற பேன் மருந்தை எழுதித் தருவார்.

ராமநாதபுரத்திலிருந்து திருத்துறைப்பூண்டிப் பக்கம் வயலில் ஆட்டுக்கிடை போட வந்திருக்கிறோம். ஆறு பேர், ஆளுக்கு இரண்டு செட் துணி, பொதுவில் இரண்டு கம்பளி.

அண்ணே, உங்களிடம் சுத்தக்குறைவு என்று யாரும் சொல்ல விடாதீர்கள். மாற்றுத்துணி இல்லாமையும் நெருங்கிப் படுப்பதும்தான் காரணம். ஆறு பேரும் ஒரே நாளில் செய்தால்தான் பலன். ஒருவர் விட்டாலும் மறுபடி பரவும். ஒரு செட்டை உடுத்திக்கொண்டு மற்றதை அவித்து உலர்த்துங்கள். பிறகு குளித்து, அதற்கு மாறி, உடுத்தியிருந்ததை உடனே அவியுங்கள். கம்பளியைப் பையில் கட்டுங்கள். மருந்தோ உரமோ வந்த பை ஆகாது. அந்த இரண்டு வாரத்துக்குப் போர்வையும், துணி அவிக்க அண்டாவும் வயல்காரரிடம் கேளுங்கள். கொடுப்பது அவர் கடமை.

வேதாரண்யம்: ஆட்டுப்பேன், கோழிப்பேன் நம்மேல் குடியேறுமா?

குடியேறாது.

நாகப்பட்டினம்: இதனால் காய்ச்சல் வருமா? எங்கள் பக்கம் உண்ணிக் காய்ச்சல் என்கிறார்கள்.

உண்ணிக் காய்ச்சலைக் கொண்டுவருவது புதர், புல்வெளியில் இருக்கும் மிகச் சிறிய பூச்சியின் குஞ்சு, சீலைப்பேன் அல்ல. சீலைப்பேன் பரப்புவது டைஃபஸ் வகையில் வேறொரு காய்ச்சல். பேன்தான் அதைப் பரப்புகிறது என்பதை 1909இல் வட ஆப்பிரிக்காவின் துனிசில் மருத்துவர் சார்லஸ் நிக்கோல் கண்டறிந்தார். பேனின் கழிவு சொறிந்த புண்ணில் படுவதால் அது தொற்றுகிறது. நகத்தை ஒட்ட வெட்டச் சொல்வது அதனால்தான். எதுவானாலும், அரிப்போடு கடும் காய்ச்சல், தலைவலி வந்தால் அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். அக்குள், தொடையிடுக்கில் சிகரெட் சுட்டது போன்ற கருப்புப் பொருக்கு இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். அது உண்ணிக் காய்ச்சலின் அடையாளம்.