பல்செட் உடைந்தால்: பல் மருத்துவர் பதில்கள்

கேள்வி: அப்பாவின் மேல் பல்செட் முறுக்கு கடித்தபோது நட்டநடுவில் இரண்டாகிவிட்டது. ஃபெவிக்விக் போட்டு ஒட்டலாமா?

பதில்: கூடவே கூடாது. ஒட்டியதும் கச்சிதமாகத்தான் தெரியும். ஆனால் முடியளவு விலகி ஒட்டியிருந்தாலும் வாயில் ஆடும், ஈறை அறுக்கும். அப்புறம் எங்களிடம் வந்தால் பசையைச் சுரண்ட வேண்டும். அதோடு உடைந்த விளிம்பும் போய்விடும். எங்களுக்கு வேண்டியதே அந்தச் சொரசொர விளிம்புதான். அதை வைத்துத்தான் இரண்டு துண்டையும் சேர்த்து, மெழுகால் நிறுத்தி, அடியில் பிளாஸ்டர் ஊற்றி அச்சு எடுக்கிறோம். பிறகு உடைந்த இடத்தைக் கொஞ்சம் அகலமாக ராவி, அக்ரிலிக் (பல்செட் செய்கிற பிளாஸ்டிக்) தூளையும் திரவத்தையும் கலந்து நிரப்புவோம். பெரும்பாலும் அன்றைக்கே, இல்லாவிட்டால் மறுநாள் கைக்கு வந்துவிடும். சின்னச் சில்லு உதிர்ந்திருந்தாலும் பொறுக்கி எடுத்து வாருங்கள்.

முறுக்கின் மேல் மட்டும் பழி போடாதீர்கள். பல் போன இடத்தில் தாடை எலும்பு வருஷா வருஷம் கரைந்துகொண்டே போகும். அண்ணத்தின் நடுப்பகுதி அந்த அளவுக்குக் கரையாது. அதனால் பழைய செட் நடுவில் முட்டிக்கொண்டு, மெல்லும்போது இரண்டு பக்கமும் இறங்கி ஏறும். கம்பியை வளைத்து வளைத்து ஒடிக்கிற கதைதான். முறுக்கு கடைசி வளைப்பு. எனவே ஒட்டுப் போட்டதோடு விடாமல், உள்பக்கம் ஈறோடு பொருந்தும்படி புது அக்ரிலிக் பூசித் தரச் சொல்லுங்கள். அதைச் செய்யாமல் விட்டால் அதே இடத்தில் மறுபடி உடையும். செட்டுக்கு ஏழெட்டு வருஷம் ஆகிவிட்டது என்றால் புதிதாகச் செய்வதைப் பற்றி யோசிப்பதே மேல்.

கேள்வி: முன்பல் ஒன்று மட்டும் கழன்று விழுந்துவிட்டது.

பதில்: சின்ன வேலை. பல்லைத் தொலைக்காமல் ஒரு பொட்டலத்தில் கட்டி எடுத்து வாருங்கள். புதுப்பல் வைத்தால் பக்கத்துப் பற்களோடு நிறம் ஒத்துப்போவது கஷ்டம்.

கேள்வி: மாமியார் கம்பி வைத்த சின்ன பல்செட்டைப் போட்டபடியே தூங்குவார். காலையில் பார்த்தால் ஒரு மூலையைக் காணோம். படுக்கையிலும் இல்லை. ஒருவேளை விழுங்கியிருப்பாரோ?

பதில்: விழுங்கியிருக்கிறார் என்றே வைத்துக்கொண்டு இன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். மூச்சுத் திணறல், விடாத இருமல், எச்சில் விழுங்க முடியாமை, நெஞ்சுவலி, இவற்றில் எது இருந்தாலும் நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள். மீன் முள்ளுக்குக் கொடுப்பதுபோல் சோற்று உருண்டை, வாழைப்பழம் எதுவும் கொடுக்காதீர்கள். கம்பி குத்தி உணவுக்குழாய் கிழிய வாய்ப்பு உண்டு.

முக்கியமான இன்னொன்று: சாதாரண எக்ஸ்ரேயில் கம்பி தெரியும், அக்ரிலிக் பெரும்பாலும் தெரியாது. ‘எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை’ என்று சொன்னால் அதோடு திரும்பி வந்துவிடாதீர்கள். மிச்சமிருக்கும் செட்டைக் கையோடு கொண்டுபோய்க் காட்டி, ‘காணாமல் போனது இந்த மூலை, பிளாஸ்டிக்’ என்று விளக்குங்கள். இனி இரவில் கழற்றித் தண்ணீரில் போட்டுவிட வேண்டும். மயக்க மருந்து கொடுத்துச் செய்யும் எந்த ஆபரேஷனுக்கு முன்பும் பல்செட் இருப்பதைச் சொல்லிவிட வேண்டும்.

கேள்வி: கழுவும்போது கை வழுக்கி வாஷ்பேசினில் விழுந்து விரிசல் விட்டுவிட்டது. வெந்நீரில் போட்டால் சேருமா?

பதில்: சேராது, கோணிக்கொள்ளும். விரிசலோடு கடிக்கவும் வேண்டாம். முழுசாக உடைவதற்கு முன் கொண்டுவந்தால் வேலை சுலபம். இனிமேல் பேசினில் பாதி தண்ணீர் நிரப்பிக்கொண்டு, மெல்லிய பிரஷ்ஷும் சோப்பும் போட்டுக் கழுவுங்கள். பற்பசை செட்டைக் கீறிவிடும்.

கேள்வி: நாளை மறுநாள் பேத்தி கல்யாணம். என் செட் மூன்று துண்டாகிவிட்டது! வளையும் ரகம் என்று சொல்லிக் கொடுத்தார்கள்.

பதில்: கஷ்டந்தான். வளையும் ரகம் பெரும்பாலும் நைலான். சாதாரண அக்ரிலிக் அதில் ஒட்டாது. அந்த ரகம் செய்கிற லேபுக்குத்தான் அனுப்ப வேண்டும், அங்கும் பலமுறை புதிதாகச் செய்யத்தான் சொல்வார்கள். பீரோவில் பழைய செட் கிடக்கிறதா, பாருங்கள். தண்ணீரில் ஊறவைத்து எடுத்துக்கொண்டு நாளைக் காலையிலேயே உங்கள் பல் டாக்டரிடம் போங்கள். உள்பக்கம் தற்காலிகமாக மெத்தென்ற பூச்சு கொடுத்தால் போட்டோவுக்குச் சிரிக்கலாம். பந்தியில் வடையை மட்டும் ரசத்தில் ஊறவைத்துச் சாப்பிடுங்கள்.