ஓசேஜ் ஆரஞ்சு மரம் எங்கே வளர்கிறது, எப்படிப் பரவியது?

பெயரில் ஆரஞ்சு இருந்தாலும் இது பலா, மல்பெரி குடும்பம். காயை நறுக்கினால் பலாக்காய் மாதிரியே பிசுபிசுவென்று வெள்ளைப் பால் வடியும். சொந்த ஊர் அமெரிக்காவில் டெக்சாஸ், ஓக்லஹோமா, ஆர்கன்சா மாநிலங்களை ஒட்டிய ரெட் ஆற்றுப் பகுதி. ஓசேஜ் பழங்குடியினர் இதில்தான் வில் செய்தார்கள்.

சரி, நாடு முழுக்க எப்படிப் போனது? மனிதர்கள் நட்டுத்தான். 1870களில் முள்கம்பி வரும்வரை, விவசாயிகள் இந்த முள்மரத்தை நெருக்கமாக நட்டு, கவாத்து செய்து உயிர்வேலியாக்கினார்கள். கான்சாஸ் வயலோரங்களில் இன்றும் வரிசையாக நிற்பவை அந்த வேலிகளின் மிச்சம்.

தானாகப் பரவும் வேகம் குறைவு. மூளை மாதிரி மடிப்பு மடிப்பான அந்தப் பச்சைக் காய் பெரும்பாலும் மரத்தடியிலேயே அழுகிவிடும். அணில்கள் பிய்த்து விதையைத் தின்றுவிடும். ஒருகாலத்தில் மாமத் (இன்று அழிந்துபோன யானை இனம்) போன்ற பெரிய விலங்குகள் காயை விழுங்கி விதையைத் தூரத்துக்குச் சுமந்திருக்கலாம் என்று சில ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். எனக்கும் அது பொருத்தமாகவே படுகிறது.